குடம்புளிக்குக் கம்போடியா பேர் எதுக்கு?

போடியில புளின்னா கரைச்சு ஊத்துற நம்ம புளிதான். போடிமெட்டு தாண்டி கேரளப் பக்கம் இறங்கினா, மீன் குழம்புல கறுப்பா ஒரு சுளை மிதக்கும். புகைபோட்டுக் காயவச்ச குடம்புளி. பழமா பார்த்தா குட்டிப் பரங்கிக்காய் மாதிரி மஞ்சளா, வரிவரியா இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுதான் இதுக்குத் தாய்வீடு.

விஷயத்துக்கு வரேன். 1678-ல ஆம்ஸ்டர்டாமில் வெளியான 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' முதல் தொகுதியில, கொச்சி டச்சு அதிகாரி வான் ரீட் இந்த மரத்தை 'கொடம்புளி'ன்னு உள்ளூர்ப் பேரோடவே பதிஞ்சிருக்கார். அடுத்த நூற்றாண்டுல வந்த லின்னேயஸ்தான் குழப்பிட்டார். கம்போடியாவுல இருந்து ஐரோப்பாவுக்குப் போன மஞ்சள் சாயப் பிசினும் இந்த மரத்தோடதுதான்னு நினைச்சு, 'கம்போஜியா', 'கும்மி-குட்டா'ன்னு அந்தப் பிசினோட பேரையே வச்சுட்டார். பிசின் தர்றது வேற மரங்க, பங்காளி முறை. ஆனா பேர் ஒட்டிக்கிச்சு. இன்னைக்கும் தாவரவியல்ல இது 'கார்சீனியா கும்மி-குட்டா'.

'கார்சீனியா கம்போஜியா'ன்னு இளைக்கிற மாத்திரை விக்கிறாங்களே, அதுவும் நம்ம குடம்புளிதான்! (1998-ல அமெரிக்காவுல 135 பேருக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்தாங்க. வெத்து மாத்திரை சாப்பிட்டவங்களை விட அதிகமா யாரும் இளைக்கலை.)

இதோட இன்னொரு பங்காளி பிலிப்பைன்ஸ்ல இருக்கு. விசயாஸ் தீவுகள்ல துவரை, பலாக்காய், பன்றிக்கறி போட்டு வைக்கிற குழம்புக்குப் புளிப்பே அதுதான். அங்க 'பத்துவான்'னும் 'பினுகாவ்'னும் சொல்றாங்க. அதோட தாவரவியல் பேர் என்ன தெரியுமா? 'கார்சீனியா பினுகாவ்'. அவங்க ஊர்ப் பேர் தப்பிச்சிருச்சு, பாருங்க.