கிட்டப்பார்வையும் கருவிழியின் வடிவமும்: கண்ணாடி அணிந்தும் பார்வை தெளியாதது ஏன்?

"கண்ணாடி மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை, மறுபடியும் மங்கலாகத் தெரிகிறது." கிட்டப்பார்வை உள்ள இளைஞர்கள் கண் மருத்துவரிடம் இவ்வாறு முறையிடுவதுண்டு. பெரும்பாலும் கிட்டப்பார்வையின் அளவு கூடியதே இதற்குக் காரணம். சிலருக்கோ கருவிழியின் வடிவமே மாறத் தொடங்கியிருக்கும். இவ்விரண்டையும் காலத்தே வேறுபடுத்தி அறிதல் அவசியம்.

கருவிழியின் பணி

கண்ணின் முன்புறத்தில், கைக்கடிகாரத்தின் மேற்கண்ணாடியைப் போல் கவிந்திருக்கும் ஒளி ஊடுருவும் படலமே கருவிழி (கார்னியா). நடுவில் இதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். கண்ணின் மொத்தக் குவிக்கும் திறனான சுமார் 60 டயாப்டரில் ஏறத்தாழ 43 டயாப்டரைக் கருவிழியே அளிக்கிறது. ஆகவே, அதன் வளைவில் ஏற்படும் சிறு மாற்றமும் பார்வையைப் பாதிக்கும்.

கிட்டப்பார்வை எவ்வாறு உண்டாகிறது?

பெரும்பாலோர்க்குக் கண்கோளம் நீள்வதே காரணம். பெரியவர்களின் கண்கோளம் முன்பின்னாகச் சுமார் 24 மி.மீ. நீளமுடையது. அது 1 மி.மீ. கூடினாலே 2.5 முதல் 3 டயாப்டர் வரை கிட்டப்பார்வை உண்டாகலாம். தொலைவிலிருந்து வரும் ஒளி விழித்திரைக்கு முன்பாகவே குவிந்துவிடுகிறது. குழிவில்லைக் கண்ணாடி அதனை விழித்திரையில் சேர்க்கிறது. கருவிழி ஒரு திசையில் மிகுதியாகவும் மற்றொரு திசையில் குறைவாகவும் வளைந்திருந்தால் சிதறல் பார்வை ஏற்படும். இதற்கே 'சிலிண்டர் பவர்' தரப்படுகிறது.

கண்ணாடியால் நீங்காத பிறழ்ச்சிகள்

இயல்பான கருவிழி நடுவில் அதிகமாக வளைந்தும் ஓரங்களில் சற்றுத் தட்டையாகவும் இருக்கும். ஓரக் கதிர்கள் முன்னதாகக் குவியும் கோளப் பிறழ்ச்சியை இவ்வமைப்பு குறைக்கிறது. எனினும் முற்றிலும் நீக்குவதில்லை. இருளில் கண்மணி விரிவதால் எஞ்சிய பிறழ்ச்சி கூடி, விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றலாம். கிட்டப்பார்வைக்கான லேசர் சிகிச்சை கருவிழியின் நடுப்பகுதியைத் தட்டையாக்குவதால், சிலருக்கு அதன் பின்னர் இத்தொல்லை மிகலாம்.

கூம்புக் கருவிழி (கெரட்டோகோனஸ்)

இந்நோயில் கருவிழி மெலிந்து கூம்பு போல் முன்தள்ளுகிறது. பெரும்பாலும் பதின்ம வயதிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. தொடக்க நிலையில் கண் வெளிப்பார்வைக்கு இயல்பாகவே இருக்கும். பின்வருவன இருப்பின் கண் மருத்துவரை அணுகுங்கள்:

• சிலிண்டர் பவர் அடிக்கடி கூடுதல் அல்லது அதன் கோணம் மாறுதல்
• புதிய கண்ணாடியிலும் எழுத்துகள் நிழலிட்டுத் தெரிதல்
• ஒரு கண்ணை மூடிப் பார்க்கும்போதும் உருவம் இரண்டாகத் தெரிதல்
• ஒவ்வாமை அரிப்பால் கண்களை ஓயாது கசக்கும் பழக்கம்
• குடும்பத்தில் எவருக்கேனும் இந்நோய் இருத்தல்

பரிசோதனையும் சிகிச்சையும்

'கார்னியல் டோபோகிராபி' என்னும் கருவிழி வரைபடப் பரிசோதனை, வளைவை இடம்வாரியாக அளந்து காட்டும். இது வலியற்றது, சில நிமிடங்களில் முடியும். காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அதனை எத்தனை நாள்களுக்கு முன் நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். லென்ஸ் கருவிழியின் வடிவைத் தற்காலிகமாக மாற்றக்கூடும்.

நோய் வளர்ந்துவரின், ரைபோஃபிளேவின் சொட்டு மருந்தும் புற ஊதா ஒளியும் கொண்டு கருவிழியை உறுதிப்படுத்தும் 'கிராஸ் லிங்கிங்' சிகிச்சை அளிக்கப்படும். இதன் நோக்கம் நோயின் வளர்ச்சியைத் தடுப்பதே. இழந்த பார்வை முழுவதும் மீளும் என எதிர்பார்க்க இயலாது. ஆகவேதான் விரைந்து கண்டறிதல் முக்கியம். தெளிவான பார்வைக்குக் கடினவகைக் காண்டாக்ட் லென்ஸ் உதவும். லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையே தேங்கும் கண்ணீர் மேடுபள்ளங்களை நிரப்பிச் சீராக்குகிறது. முற்றிய நிலையில் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

நினைவில் கொள்க

• கண்களைக் கசக்காதீர்கள். அரிப்புக்கு மருத்துவரின் ஆலோசனைப்படி சிகிச்சை பெறுங்கள்.
• கருவிழி வரைபடம் எடுக்காமல் லேசர் சிகிச்சைக்கு உடன்படாதீர்கள். கூம்புக் கருவிழி உள்ளவர்க்கு அது கருவிழியை மேலும் நலிவுறச் செய்யும்.
• பழைய கண்ணாடிச் சீட்டுகளைப் பாதுகாத்து வையுங்கள். மாற்றத்தின் வேகத்தை அவையே காட்டும்.
• திடீர் வலி, கருவிழி வெண்மையாதல், பார்வை சட்டெனக் குறைதல் ஆகியவை ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.