பெர்லின் சுவரும் என் கறுப்புக் காய்களும்

ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரத்துல செஸ் ஆடுறவன் நான். போன வருஷம், கறுப்புக் காய் வந்தா இனிமே சிசிலியன் நைடார்ஃப்தான்னு முடிவு பண்ணினேன். காரணம்? காஸ்பரோவ் ஆடினார், அவ்வளவுதான்! பதினஞ்சு மூவ் வரைக்கும் மனப்பாடம். எதிராளி ஆறாவது மூவ்லயே வேற பாதைக்குப் போயிட்டா முழி பிதுங்கிடும். வரிசையா தோல்வி.

வெறுத்துப்போய் 2000-ல் லண்டனில் நடந்த உலகப் பட்டப் போட்டியை எடுத்துப் பார்த்தேன். 1985-லேர்ந்து பட்டத்தைக் கையில் வச்சிருந்த காஸ்பரோவ் ஒருபக்கம். எதிரே 25 வயசு கிராம்னிக்.

காஸ்பரோவுக்கு ராணிகள் பலகையில் இருக்கணும், தாக்குதல் நடக்கணும். கிராம்னிக் அங்கேயே கை வச்சார். ஸ்பானிஷ் ஓப்பனிங்குக்கு எதிரா 'பெர்லின் தடுப்பு'ங்கிற பழைய முறையைத் தூசு தட்டி எடுத்தார். எட்டாவது மூவ்லயே ரெண்டு ராணியும் காலி. கறுப்பு ராஜா கோட்டை கட்ட முடியாது, சிப்பாய்கள் ஒண்ணு பின்னாடி ஒண்ணு நிக்கும். பார்க்கச் சகிக்காது! ஆனா ரெண்டு பிஷப்பும் கையில் இருக்கும், உடைக்கிறது லேசில்லை. 1, 3, 9, 13 என நாலு ஆட்டத்தில் காஸ்பரோவ் அந்தச் சுவரில் முட்டினார். நாலும் டிரா. மொத்தம் 15 ஆட்டத்தில் ஒண்ணுகூட ஜெயிக்காம, 8.5-6.5னு பட்டம் போச்சு.

சுவாரசியம் அதுக்கப்புறம்தான். 2008-ல் ஜெர்மனியின் பான் நகரத்தில் நம்ம ஆனந்த் அதே பாடத்தைக் கிராம்னிக்குக்கே நடத்தினார். அதுவரை பெரும்பாலும் ராஜா சிப்பாயைத் தள்ளி ஆரம்பிச்சவர், அங்கே ராணி சிப்பாயைத் தள்ளினார். கறுப்பில் சிக்கல் நிறைந்த மெரான் வகையை ஆடி 3, 5 ரெண்டு ஆட்டத்தையும் ஜெயிச்சார். முடிவு 6.5-4.5.

ரெண்டு பேரும் 'எது சிறந்த ஓப்பனிங்'னு தேடலை. அது கொண்டுபோய் விடுற இடத்தில் யாருக்கு வசதின்னு பார்த்தாங்க. அவங்களுக்கு எதிராளி யாருன்னு முன்னாடியே தெரியும். எனக்கு? ஒவ்வொரு வாரமும் வேற ஆள். மாறாத ஒரே எதிராளி என்னோட மறதிதான்!

அதனால நைடார்ஃபை மூட்டை கட்டியாச்சு. இப்போ காரோ-கான். மனப்பாடம் எட்டு மூவ்தான். மிச்ச நேரத்துக்கு, அந்தச் சிப்பாய் அமைப்பில் பெரிய ஆளுங்க ஆடின ஆட்டங்களைக் கடைசிவரை போட்டுப் பார்க்கிறேன்.

நேத்தும் தோத்தேன். ஆனா முதல்முறையா, எங்கே தப்பு பண்ணினேன்னு எனக்கே தெரிஞ்சுது.