கேள்வி நேரம் வந்த வழி

வரிப்பணம் எங்கே போனது, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஒதுக்கிய தொகை ஏன் செலவாகவில்லை என்று ஆட்சியில் இருப்பவர்களை எழுந்து நிற்கவைத்துக் கேட்கும் உரிமை இந்தியச் சட்டமன்றங்களுக்குப் படிப்படியாகவே கிடைத்தது. தொடக்கத்தில் கேட்கவே கூடாது என்றிருந்தது. பிறகு ஒரு முறை கேட்கலாம், பதிலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும் என்றானது. அதற்கும் பிறகு, கேட்டவர் மட்டும் மறுபடி கேட்கலாம் என்று வந்தது. அவையில் யார் வேண்டுமானாலும் துருவிக் கேட்கலாம் என்ற நிலை 1921இல்தான் ஏற்பட்டது. இந்த வரலாற்றில் முதல் கேள்வியைவிட அதைத் தொடர்ந்து வரும் துணைக் கேள்விக்கே மதிப்பு அதிகம். முதல் கேள்விக்கான பதிலை அதிகாரிகள் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். துணைக் கேள்விக்கு, நிற்பவரே பதில் சொல்லியாக வேண்டும்.

பிரிட்டனிலும் இந்த வழக்கம் பண விவகாரத்தில்தான் தொடங்கியது. 1721 பிப்ரவரியில் பிரபுக்கள் சபையில் கௌபர் பிரபு எழுப்பியதே அந்நாட்டு நாடாளுமன்றத்தில் பதிவான முதல் கேள்வி. தென்கடல் கம்பெனியின் பங்குகள் சரிந்து ஏராளமானோர் சொத்தை இழந்திருந்த நேரம் அது. கம்பெனியின் காசாளர் ராபர்ட் நைட் நாட்டைவிட்டு ஓடிப் பிடிபட்டதாக வந்த செய்தி உண்மையா என்று அவர் அரசைக் கேட்டார். 140 ஆண்டுகள் கழித்து, 1861இல், கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோது பொதுக் கணக்குக் குழு அமைந்தது. ஒதுக்கிய பணம் ஒதுக்கிய காரியத்துக்கே செலவானதா என்று பார்ப்பது அதன் வேலை.

அதே 1861இல் இந்தியாவில் நடந்தது இதற்கு நேர் எதிரானது. 1853ஆம் ஆண்டின் சாசனச் சட்டப்படி கல்கத்தாவில் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு சட்டமன்றம் இயங்கிவந்தது. அதில் மக்கள் பிரதிநிதிகள் என்று யாரும் இல்லை. உறுப்பினர்கள் அனைவரும் ஆங்கில அதிகாரிகளும் நீதிபதிகளுமே. ஆனாலும் அவர்கள் நாடாளுமன்ற நடைமுறைகளைப் பின்பற்றி, நிர்வாகத்திடம் விவரம் கேட்கத் தொடங்கினார்கள். திப்பு சுல்தானின் வாரிசுகளுக்கு இந்தியக் கருவூலத்திலிருந்து பெருந்தொகை வழங்க லண்டன் உத்தரவிட்டபோது, 1860இல் அந்த அவையில் எதிர்ப்பு எழுந்தது. வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டிருந்து, 1806ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சிக்குப் பின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம்தான் அது. அவை இப்படிக் கேள்வி கேட்பதை லண்டன் ரசிக்கவில்லை. 1861ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டம் மன்றத்தின் வாயை அடைத்தது. கொண்டுவரப்படும் மசோதாவைப் பற்றிப் பேசலாம், வேறு எதையும் பேசக் கூடாது. புதிய வரி விதிக்க மசோதா வராத ஆண்டுகளில் வரவுசெலவுக் கணக்கைப் பற்றி வாய் திறக்கவும் வழியில்லை. சென்னை, பம்பாய் மாகாணக் கவுன்சில்களின் நிலையும் இதுதான்.

1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாடு இதை மாற்றக் கேட்டது. வரவுசெலவுத் திட்டங்கள் கவுன்சில்களின் முன் வைக்கப்பட வேண்டும், நிர்வாகத்தின் எல்லாத் துறைகள் குறித்தும் கேள்வி கேட்க உறுப்பினர்களுக்கு அதிகாரம் வேண்டும் என்று தெலாங் கொண்டுவந்த தீர்மானத்தை வழிமொழிந்தவர் சென்னையின் எஸ். சுப்பிரமணிய ஐயர். ஏழு ஆண்டுகளில் பாதிக் கோரிக்கை நிறைவேறியது. 1892ஆம் ஆண்டுச் சட்டம் நிதிநிலை அறிக்கையைப் பற்றிப் பேச இடம் கொடுத்தது; முன்னறிவிப்புடன் கேள்வி கேட்கவும் அனுமதித்தது. ஆனால் தீர்மானம் கொண்டுவரவோ வாக்கெடுப்பு கோரவோ முடியாது. துணைக் கேள்விக்கும் இடமில்லை.

அந்தச் சட்டத்தின் கீழ் வைஸ்ராயின் கவுன்சிலில் 1893 பிப்ரவரி 16 அன்று பிங்கா சமஸ்தானத்து ராஜா முதல் கேள்வியைக் கேட்டார். நாட்டின் முதல் கேள்வி போர்ச் செலவையோ ரயில் பாதையையோ பற்றியதாக இருந்திருக்கலாம். அவர் கேட்டதோ கிராமத்து மளிகைக்காரர்களைப் பற்றி. அதிகாரிகள் சுற்றுப்பயணம் வந்து கூடாரம் அடித்தால் அவர்களுக்கும் பரிவாரத்துக்கும் உணவுப் பொருள்களை அந்த ஊர்க் கடைக்காரர்கள் கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் அவர்கள் படும் இன்னலை அரசு அறியுமா என்பதே கேள்வி. அரசின் செலவு கணக்கில் ஏறாமல் எளியவர் தலையில் விழுவதைச் சுட்டிய அந்தக் கேள்வி இன்றைக்கும் மரியாதைக்குரியது.

கேள்வியைத் தொடர முடியாத அந்தக் காலத்தில் வரவுசெலவு விவாதமே உறுப்பினர்களுக்கு ஆயுதமாக இருந்தது. அதைக் கூர்மையாகப் பயன்படுத்தியவர் வைஸ்ராயின் கவுன்சிலில் உறுப்பினராக இருந்த கோகலே. 1902 மார்ச்சில் அவர் நிகழ்த்திய முதல் வரவுசெலவு உரை, அரசு பெருமையாகக் காட்டிய உபரித் தொகையையே குற்றச்சாட்டாக மாற்றியது. பஞ்சமும் கொள்ளைநோயும் வாட்டும் நாட்டில் கஜானாவில் பணம் மிஞ்சுகிறது என்றால் தேவைக்கு மேல் வரி வாங்குகிறார்கள் என்றுதானே பொருள்? வாக்கெடுப்பு கிடையாது என்பதால் அவர் கையில் இருந்தவை புள்ளிவிவரங்கள் மட்டுமே, அவையும் அரசே வெளியிட்டவை. உப்பு வரியை அவர் ஆண்டுதோறும் எடுத்துப் பேசினார். மணங்குக்கு இரண்டரை ரூபாயாக இருந்த அந்த வரி 1903இல் இரண்டு ரூபாயாகவும், 1905இல் ஒன்றரை ரூபாயாகவும், 1907இல் ஒரு ரூபாயாகவும் குறைந்தது. அவர் ஒருவரால் மட்டுமே இது நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் வாக்குரிமை இல்லாத அவையிலும் தயாரிப்போடு பேசினால் பலன் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

1909ஆம் ஆண்டு மிண்டோ-மார்லி சீர்திருத்தம் முதன்முறையாகத் துணைக் கேள்வியை அனுமதித்தது. மூலக் கேள்வியைக் கேட்டவர் மட்டும் அதைக் கேட்கலாம். 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1921இல் மத்திய சட்டசபை அமைந்தபோதுதான் இன்றைய வடிவம் கிடைத்தது. எந்த உறுப்பினரும் துணைக் கேள்வி கேட்கலாம் என்றானது. வாய்மொழியாகப் பதில் வேண்டும் கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி இடும் முறையும் அப்போது வந்தது. பொதுக் கணக்குக் குழுவும் அதே ஆண்டில் பிறந்தது, நிதி உறுப்பினரே தலைவராக. செலவு செய்யும் துறையின் தலைவரே செலவை ஆராயும் குழுவுக்கும் தலைவர் என்ற இந்தக் குறை 1950 வரை நீடித்தது. துறைகளின் செலவுக்குப் பணம் கோரும் மானியக் கோரிக்கைகள் வாக்கெடுப்புக்கு வந்தாலும் ராணுவச் செலவு அதற்கு வெளியே நிறுத்தப்பட்டது. அவை நிராகரித்த தொகையைத் திரும்பச் சேர்க்க வைஸ்ராய்க்கு அதிகாரம் இருந்தது.

இப்படிப் பல்லில்லாத அவையில் கேள்வி நேரத்தை ஒரு போர்க்களமாக்கியவர் சத்தியமூர்த்தி. 1934ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை நகரத் தொகுதியில் ஏ. ராமசாமி முதலியாரை வென்று டெல்லி சென்ற அவர், காங்கிரஸ் சட்டசபைக் கட்சியின் துணைத் தலைவராக இருந்தார். பட்டியலில் உள்ள கேள்வி யாருடையதாக இருந்தாலும், பதில் வந்த மறுகணம் அவர் எழுவார். பதிலில் உள்ள ஒரு சொல்லையோ தொகையையோ பிடித்துக்கொண்டு அடுத்தடுத்துத் துணைக் கேள்விகளைத் தொடுப்பார். குறிப்பேட்டை மட்டும் நம்பி வந்த நிர்வாகக் கவுன்சில் உறுப்பினர்கள் திணறுவார்கள். அவையால் அவர்களைப் பதவியிலிருந்து இறக்க முடியாது. 1935இல் அவை நிராகரித்த நிதி மசோதாவை வைஸ்ராய் தம் அதிகாரத்தால் சட்டமாக்கினார். ஆனால் அங்கே வெளிப்பட்ட விவரங்கள் மறுநாள் செய்தித்தாள்களில் வந்தன. அவையில் தோற்ற வாதம் ஊர்தோறும் வென்றது.

விடுதலைக்குப் பின் பொதுக் கணக்குக் குழு நாடாளுமன்றத்தின் குழுவாக ஆனது. 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரைத் தலைவராக்கும் மரபு வந்தது. சுதந்திராக் கட்சியின் மினு மசானி அவர்களில் முதல்வர். கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இக்குழு துறைச் செயலாளர்களை நேரில் அழைத்து விசாரிக்கிறது. அவையில் அமைச்சரைக் கேட்பதைவிடச் சில நேரம் இங்கேதான் உண்மை வெளிவருகிறது.

மக்களவையில் கேள்வி நேரம் காலை 11 மணிக்குத் தொடங்கி ஒரு மணி நேரம் நடக்கிறது. குறைந்தது பதினைந்து நாள் முன்னறிவிப்புடன் வரும் கேள்விகள் குலுக்கலில் வரிசைப்படுத்தப்படுகின்றன. நாளொன்றுக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 எழுத்துவழிக் கேள்விகளும் பட்டியலில் இடம்பெறும். இருபதில் ஐந்தாறுக்கு மட்டுமே அவையில் நேரம் கிடைப்பது வழக்கம். நட்சத்திரக் கேள்வி ஒன்றுக்காகத் துறையில் தயாராகும் கோப்பைப் பார்த்தால் அதன் வலிமை புரியும். பதில் ஒரு பக்கம்தான் இருக்கும். எந்தெந்தத் துணைக் கேள்வி வரக்கூடும் என்று யோசித்துத் திரட்டிய குறிப்போ பல பக்கங்களுக்கு நீளும். மாவட்டம்தோறும் தகவல் கேட்டுக் கடிதங்கள் பறக்கும். கிடப்பில் கிடந்த காரியம் அந்தக் கேள்வியாலேயே நகர்வதும் உண்டு.

அமைச்சர்கள் நழுவுவதற்கும் வழிகள் இருந்தன. “பரிசீலனையில் உள்ளது”, “தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்” என்று சொல்லிவிட்டால் அன்றைக்குத் தப்பிக்கலாம். இதைத் தடுக்கவே 1953இல் அரசு உறுதிமொழிக் குழு அமைந்தது. எந்தெந்தச் சொற்றொடர் வந்தால் அது உறுதிமொழியாகக் கொள்ளப்படும் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. அப்படிப் பதிவானதை அரசு மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இல்லையேல் குழுவிடம் அவகாசம் கேட்க வேண்டும்.

ஒரு கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதை 1957 காட்டியது. தேசியமயமாகி ஓராண்டே ஆன ஆயுள் காப்பீட்டுக் கழகம், அந்த ஜூன் மாதத்தில் ஹரிதாஸ் முந்திரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனப் பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. கழகத்தின் முதலீட்டுக் குழுவைக் கேட்காமலே இது நடந்தது. ராம் சுபக் சிங் உள்ளிட்ட உறுப்பினர்களின் கேள்விக்கு முதலில் வந்த பதில் பிடிகொடுக்காதது. பிறகு வந்த பதில்கள் முன்னுக்குப்பின் முரணாக இருந்தன. டிசம்பர் 16 அன்று ஃபெரோஸ் காந்தி ஆவணங்களோடு அவையில் விவாதத்தைத் தொடங்கினார். அவர் ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமரின் மருமகன். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தினார். நிதித் துறைச் செயலாளரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு என்று அவர் முடிவு சொன்னார். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். அவை நடவடிக்கைகளை அச்சமின்றி வெளியிடப் பத்திரிகைகளுக்குப் பாதுகாப்புத் தந்த 1956ஆம் ஆண்டுச் சட்டமும் ஃபெரோஸ் காந்தி கொண்டுவந்த தனிநபர் மசோதாதான். நெருக்கடி நிலையின்போது அது நீக்கப்பட்டு, 1977இல் மீண்டும் வந்தது.

கேள்வி நேரத்துக்குக் கெட்ட காலமும் உண்டு. 1962இல் சீனப் போரின்போதும், 1975இல் நெருக்கடி நிலையிலும், 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டியும் அது நிறுத்திவைக்கப்பட்டது. 2020இல் எழுத்துவழிப் பதில்கள் வந்தன. துணைக் கேள்விக்கு மட்டும் வழியில்லை. அந்த வகையில் அவை 1892க்கே திரும்பியது. 2005இல் கேள்வி கேட்கப் பணம் வாங்கியது ரகசியக் கேமராவில் பதிவாகி, மக்களவையின் பத்துப் பேரும் மாநிலங்களவையின் ஒருவரும் பதவி இழந்தனர். செலவு விவாதமும் சுருங்கிவிட்டது. குறித்த நாள் வந்ததும், விவாதிக்கப்படாத மானியக் கோரிக்கைகள் மொத்தமாக வாக்குக்கு விடப்படுகின்றன. அதை ஈடுகட்ட 1993இல் துறைவாரி நிலைக்குழுக்கள் ஏற்படுத்தப்பட்டன.

தமிழகச் சட்டமன்றத்தில் துறைதோறும் மானியக் கோரிக்கையும், அதனோடு கொள்கை விளக்கக் குறிப்பும் வைக்கப்படுகின்றன. கோரிய தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானங்களை எதிர்க்கட்சியினர் கொடுக்கிறார்கள். கேள்வி நேரம் 2022 முதல் நேரலையில் ஒளிபரப்பாகிறது. மக்களவையின் கேள்வி-பதில்கள் அதன் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. உறுப்பினர் பெயரைக் கொண்டு தேடினால், தம் தொகுதி உறுப்பினர் எதைக் கேட்டார், அரசு என்ன பதில் சொன்னது என்று எந்த வாக்காளரும் பார்த்துக்கொள்ளலாம்.