வாக்னரின் இசையும் கேட்போரின் உரிமையும்

கலைஞரின் குற்றத்தை ஒதுக்கிவிட்டுக் கலையை மட்டும் ரசிக்கலாமா என்ற விவாதம் பெரும்பாலும் படைப்பின் தன்மையைச் சுற்றியே நடக்கிறது. இசையைப் பொறுத்தவரை, யார் கேட்கிறார்கள், எந்த அவையில் கேட்கிறார்கள் என்பதிலிருந்தே அதைத் தொடங்க வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது. ஜெர்மானிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர் (1813–1883) இதற்குத் தக்க சான்று.

யூதர்களால் உண்மையான இசையைப் படைக்க இயலாது என்று வாதிடும் கட்டுரையை வாக்னர் 1850இல் புனைபெயரில் வெளியிட்டார். மூன்றாண்டுகளுக்கு முன் மறைந்திருந்த, யூதராகப் பிறந்த இசையமைப்பாளர் மெண்டல்சோனும் அதில் தாக்கப்பட்டார். 1869இல் அதையே தம் சொந்தப் பெயரில் மீண்டும் அச்சிட்டார். மெண்டல்சோனின் இசையை அவரது பிறப்பைக் கொண்டே எடைபோட்டவர் வாக்னர். இன்று அவருக்காகக் கோரப்படும் சலுகையை அவர் பிறருக்குத் தரவில்லை.

எனினும் இதைக் காட்டி அவர் இசையைத் தள்ளிவிட முடியாது. 'டிரிஸ்டானும் ஐசோல்டும்' இசைநாடகத்தின் முன்னிசையில் சொற்களே இல்லை. தொடக்கத்திலேயே எழும் இசைவற்ற சுரக்கூட்டு, தீர்வை எட்டாமல் அடுத்த தவிப்புக்கு நகர்கிறது. அந்த ஒலியில் இனவெறுப்பைச் சுட்டிக்காட்ட எவராலும் இயலாது. படைத்தவர் இறந்துவிட்டதால், நம் கைத்தட்டலால் அவருக்கு ஆதாயமும் இல்லை.

ஆனாலும் 1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்கள்மீது வன்முறை கட்டவிழ்த்துவிடப்பட்ட பின், யூதக் கலைஞர்களைக் கொண்ட பாலஸ்தீன இசைக்குழு வாக்னரைத் தன் நிகழ்ச்சியிலிருந்து நீக்கியது. எழுதப்படாத அந்தத் தடை இஸ்ரேலிலும் தொடர்ந்தது. ஹிட்லரின் ஆட்சி அந்த இசையைத் தன் அடையாளமாக ஆக்கிக்கொண்டிருந்ததே அதற்குக் காரணம். 1981இல் டெல் அவிவில் இசை நடத்துநர் ஸுபின் மேத்தா டிரிஸ்டான் இசையை நிகழ்ச்சியின் இறுதியில் கூடுதல் உருப்படியாக எடுத்தபோது அரங்கிலேயே எதிர்ப்பு வெடித்தது. 2001 ஜூலையில் ஜெருசலேமில் மற்றொரு நடத்துநரான டேனியல் பாரன்பாயிம் வேறு வழியை நாடினார். கச்சேரி முடிந்ததும் வாக்னரை இசைக்கலாமா என அவையோரிடம் விருப்பம் கேட்டார். அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்தது. சிலர் சினத்துடன் வெளியேறினர். பெரும்பாலோர் அமர்ந்து கேட்டனர்.

காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்பார் இத்தாலிய இசையமைப்பாளர் கெசுவால்டோவைச் சுட்டலாம். 1590இல் மனைவியையும் அவளது காதலனையும் கொன்ற அவருடைய பாடல்களை இன்று பலரும் உறுத்தலின்றிக் கேட்கிறார்கள். அக்கொலையால் காயப்பட்டவர் எவரும் இன்று அவையில் இல்லை. வாக்னரின் நிலை வேறு: வதைமுகாம்களில் இருந்து தப்பியவர்கள் அவையிலேயே இருந்தார்கள்.

ஆகவே கலையையும் கலைஞரையும் பிரித்துக் கேட்பது ஒவ்வொரு ரசிகருக்கும் உள்ள உரிமை. பாதிக்கப்பட்டவரிடம் அதைக் கடமையாகக் கேட்க எவருக்கும் உரிமையில்லை. தனியறையில் கேட்பவருக்கு யார் அனுமதியும் தேவையில்லை. பொது மேடையில் இசைப்பவரோ அவையோரின் இசைவைப் பெற்றாக வேண்டும்.