பாதியில் நிற்கும் பஸ் யாருடையது?

கொல்லிமலையில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, காரவள்ளி தாண்டி நாமக்கல் பக்கம் வந்தால் ரோட்டில் ஒரு விசித்திரமான வண்டியைப் பார்க்கலாம். இன்ஜின் இருக்கும், ஸ்டியரிங் இருக்கும், சக்கரங்கள் இருக்கும். அதற்கு மேல் ஒன்றுமே இருக்காது. கூரை, கதவு, கண்ணாடி எதுவும் கிடையாது. ஒரு பலகை சீட்டில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டிரைவர் வெயிலிலும் மழையிலும் ஓட்டிக்கொண்டு போவார். பார்த்தால் ஆக்ஸிடென்ட் ஆன வண்டியோ என்று தோன்றும். இல்லை, புத்தம் புது வண்டி! எண்ணூரிலோ ஓசூரிலோ ஃபேக்டரியை விட்டுக் கிளம்பி, பாடி கட்டுவதற்காகப் பட்டறைக்குப் போய்க்கொண்டிருக்கும் சேஸ் அது.

இதைப் பற்றி இப்போது ஏன் பேச்சு என்றால், அமெரிக்காவில் ஒரு பழக்கம் உண்டு. ஓடி ஓய்ந்த ஸ்கூல் பஸ்ஸை ஏலத்தில் வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து நகரும் வீடாக மாற்றுவார்கள். 'ஸ்கூலி' என்று அதற்குச் செல்லப்பெயர் வேறு. ஆரம்பிக்கிற எல்லோரும் முடிப்பதில்லை. பணம் தீர்ந்துவிடும், அல்லது கல்யாணம் ஆகிவிடும் :-) அப்போது பாதி வேலை முடிந்த பஸ்ஸை வேறு ஒருவர் வாங்கி மிச்சத்தை முடிப்பார். இது நம் ஊரில் நடக்குமா?

வேடிக்கை என்னவென்றால், பாதி வண்டியை வாங்கி முடித்துக் கொடுப்பதே நம் ஊரில் ஒரு பெரிய தொழில். லாரி, டேங்கர், டிரெய்லர் என்றால் நாமக்கல். பஸ் என்றால் கரூர். போர்வெல் ரிக் வண்டி என்றால் திருச்செங்கோடு. எல்லாம் கொல்லிமலையைச் சுற்றி ஒரு நாளில் போய்வரும் தூரம்தான். ஆனால் ஸ்கூல் பஸ்ஸை வீடாக்கும் வேலையைப் பாதியில் கை மாற்றுவது மட்டும் இங்கே ஏறக்குறைய முடியாத காரியம். ஏன் என்று தெரிய கொஞ்சம் வரலாறு பார்க்க வேண்டும்.

இன்ஜினும் சக்கரமும் ஒருவர் செய்ய, மேல்கட்டு இன்னொருவர் செய்யும் வழக்கம் குதிரை வண்டிக் காலத்தில் இருந்தே உண்டு. சென்னையின் சிம்ப்ஸன் கம்பெனி 1840-ல் கோச் வண்டி கட்டும் பட்டறையாகத்தான் ஆரம்பமானது. 1903-ல் அதே கம்பெனி நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்து சென்னை ரோட்டில் ஓட்டியது. மோட்டார் வந்த பிறகும் பிரிட்டிஷ்காரர்கள் சேஸை ஒரு கம்பெனியிலும் பாடியை வேறு கம்பெனியிலும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழக்கம் அப்படியே இங்கேயும் வந்தது. 1948-ல் ரகுநந்தன் சரண், தன் மகன் பெயரில் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கினார். முதலில் ஆஸ்டின் கார்கள், பிறகு லேலண்ட் சேஸ்கள். 1955-ல் கம்பெனியின் பெயர் அசோக் லேலண்ட் ஆனது. ஃபேக்டரி தன் வேலை முடிந்தது என்று சேஸை வெளியே அனுப்பிவிடும். அதன் மேல் எத்தனை சீட், எந்த இடத்தில் கதவு, எவ்வளவு கெட்டியான தகரம் என்பதெல்லாம் ஓனருக்கும் பட்டறைக்கும் நடுவில் பேசி முடிவாகும். டிங்கர், வெல்டர், ஆசாரி, பெயின்டர் என்று நாலைந்து கை பட்டு அது பஸ்ஸாகும்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பட்டறையில் பாதி கட்டிய நிலையில் நிற்கிற பஸ் யாருக்குச் சொந்தம்?

காமர்ஸ் படிப்பவர்கள் 'சரக்கு விற்பனைச் சட்டம், 1930' என்று மனப்பாடம் செய்வார்களே, அந்தச் சட்டத்தின் உயிர்நாடியான கேள்வி இது. 1965-ல் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது. ஒரிஸா அரசு தன் சேஸ்களைப் பட்நாயக் அண்ட் கோ என்ற கம்பெனியிடம் கொடுத்து பஸ் பாடி கட்டச் சொன்னது. கட்டியும் கொடுத்தார்கள். அப்புறம் வரி இலாகா வந்து, நீங்கள் பாடியை விற்றிருக்கிறீர்கள், விற்பனை வரி கட்டுங்கள் என்றது. கம்பெனியோ, சேஸ் அரசுடையது, நாங்கள் அதன் மேல் வேலை மட்டும்தான் செய்தோம், துணி கொடுத்தால் தைத்துக் கொடுக்கிற டெய்லர் மாதிரி என்ற ரீதியில் வாதாடியது.

கோர்ட் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தது. அதில் சேஸுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று இருந்தது. பாடிக்கு இன்ஷூரன்ஸ் என்ற பேச்சே இல்லை. அப்படியானால் டெலிவரிக்கு முந்தின நாள் பட்டறை தீப்பிடித்தால் பாடி போன நஷ்டம் யாருக்கு? கட்டியவருக்கு. நஷ்டம் யாருக்கோ, சொத்தும் அவருக்கே. ஆகவே டெலிவரி வரை பாடி பட்டறைக்காரருடையது, டெலிவரியில் அது விற்பனையாகிறது என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பு சொன்னார்கள். ஒரே வண்டியில் கீழ்ப்பாதி ஒருவருக்கும் மேல்பாதி இன்னொருவருக்கும் சொந்தம்! நடுவில் இருப்பது சில போல்ட்டுகள்தான்.

இந்தச் சண்டை லேசில் ஓயவில்லை. ஜி.எஸ்.டி. வந்த பிறகும் அதே கேள்வி வேறு உருவத்தில் வந்தது. 2018 ஆகஸ்டில் வந்த சுற்றறிக்கைப்படி, பட்டறைக்காரர் தன் சொந்த சேஸில் பாடி கட்டி முழு பஸ்ஸாகக் கொடுத்தால் அது சரக்கு, 28 சதவீதம். வாடிக்கையாளர் கொடுத்த சேஸில் கட்டிக் கொடுத்தால் அது சேவை, 18 சதவீதம். அதே பட்டறை, அதே வெல்டர், அதே பஸ், ஆனால் வரியில் பத்து சதவீதம் வித்தியாசம். 2025 செப்டம்பரில் பஸ்ஸுக்கான வரியையும் 18 ஆகக் குறைத்த பிறகுதான் அந்த வித்தியாசம் மறைந்தது.

சரி, ஸ்கூல் பஸ்ஸுக்கு வருவோம்.

அமெரிக்க ஸ்கூல் பஸ்ஸின் கதை 1939-ல் ஆரம்பிக்கிறது என்று சொல்லலாம். அந்த வருஷம் ஏப்ரலில் கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஃபிராங்க் சைர் ஒரு மாநாடு கூட்டினார். அதுவரை பிள்ளைகளை ஏற்றிப்போன வண்டிகள் இஷ்டத்துக்கு ஒவ்வொரு மாதிரி இருந்தன. நீளம், உயரம், நடைபாதை அகலம் என்று 44 விதிகளை அங்கே வகுத்தார்கள். அந்த மஞ்சள் நிறமும் அப்போது வந்ததுதான். பாடி எப்படி இருக்க வேண்டும் என்பது பட்டறைக்காரரின் மனசாட்சியை விட்டு விதிப்புத்தகத்துக்குப் போனது. பின்னாளில் பழைய ஸ்கூல் பஸ்ஸை வாங்கியவர்களுக்கு இதுதான் லாபம். உள்ளே என்ன இருக்கும் என்று ஓரளவு தெரிந்தே வாங்கலாம்.

அப்படிக் கை மாறிய பஸ்களில் உலகப் புகழ் பெற்றது அதே 1939-ம் வருஷத்து இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஸ்கூல் பஸ். 1964-ல் நாவலாசிரியர் கென் கீஸி அதைக் கலிஃபோர்னியாவில் வாங்கினார். அவர் வாங்கியது வெறும் ஸ்கூல் பஸ் இல்லை. அதற்கு முன் வைத்திருந்த ஒரு குடும்பஸ்தர் தன் பிள்ளைகளோடு டூர் போவதற்காகப் படுக்கைகளும் சமையல் வசதியும் ஏற்கெனவே செய்து வைத்திருந்தார். கீஸியும் நண்பர்களும் அதன் மேல் தங்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். கூரை மேல் உட்கார இடம், ஜெனரேட்டர், உள்ளும் புறமும் ஸ்பீக்கர்கள், கண்ணைப் பறிக்கும் பெயின்ட். அந்த வருஷம் ஜூனில் நீல் கசாடி ஸ்டியரிங்கைப் பிடிக்க, நியூயார்க் வரை நாடு கடந்து போனார்கள். ஹிப்பி காலத்தின் தொடக்கம் என்று அந்தப் பயணத்தைச் சொல்வார்கள். எல்லாப் புத்தகங்களிலும் கீஸி இருக்கிறார். முதலில் கட்டில் அடித்த அந்த அப்பாவை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, பாவம்.

நம் பக்கத்திலும் வண்டியையே வீடாக்கிய புகழ்பெற்ற ஒருவர் உண்டு. என்.டி.ஆர்! 1982 மார்ச்சில் தெலுங்கு தேசம் ஆரம்பித்த கையோடு 1940-ம் வருஷத்து செவர்லே வேன் ஒன்றை மாற்றிக் கட்டி, 'சைதன்ய ரதம்' என்று பெயர் வைத்துக் கிளம்பினார். ஓட்டியவர் மகன் ஹரிகிருஷ்ணா. சாப்பாடு, தூக்கம் அதிலேயே, குளியல் ரோட்டோரத்தில். கூரை மேல் ஏறி நின்றால் அதுவே மேடை. 1983 ஜனவரியில் முதல்வரும் ஆகிவிட்டார். நாற்பது வருஷப் பழைய வண்டியை இப்படி மாற்றிக் கட்டிக்கொண்டு இன்று யாராவது கிளம்பினால் முதல் செக்போஸ்ட்டைத் தாண்டுவது சந்தேகம்தான்.

ஏனென்றால் சட்டம் மாறிவிட்டது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு 2000-ல் திருத்தப்பட்டது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாக ஆர்.சி. விவரங்கள் ஆகும்படி எந்த ஓனரும் வண்டியை மாற்றக் கூடாது என்றது அது. கேரளாவில் இது பற்றி எழுந்த வழக்கில், 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இன்னும் தெளிவாகச் சொன்னது. பெயின்ட் மாற்றலாம், சில்லறைப் பொருள்களைப் பொருத்தலாம். வண்டியின் அடிப்படை அமைப்பில் கை வைக்கக் கூடாது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தம், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. 2021 ஆகஸ்டில் கண்ணூரில் யூட்யூப் சகோதரர்கள் இருவரின் கேரவன் வேனை ஆர்.டி.ஓ. அலுவலகம் பிடித்து வைத்ததும், அது கைது வரை போனதும் பலருக்கு நினைவிருக்கும். கேரவன் என்ற வகையே நம் நாட்டில் இல்லை என்று அர்த்தமில்லை. அதற்கென்று தனித் தரவிதி இருக்கிறது. அந்த விதிப்படி ஒப்புதல் பெற்றுக் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். கொல்லைப்புறத்தில் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதற்கு அதில் இடமில்லை.

பாதி மாற்றிய ஸ்கூல் பஸ்ஸை ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஃபாரம் 29, 30 கொடுத்து ஆர்.சி.யைத் தன் பெயருக்கு மாற்றப் பார்ப்பார். புத்தகத்தில் இத்தனை சீட் என்று இருக்கும், வண்டியில் ஒரு சீட்டும் இருக்காது. சீட்டைக் கழற்றியவர் பழைய ஓனர். இனி பதில் சொல்ல வேண்டியவர் புது ஓனர். 1965-ல் பாதி பஸ் யாருடைய சொத்து என்று கேட்டார்கள். இங்கே பாதி பஸ் யாருடைய குற்றம் என்ற கேள்வி!

ரொம்பக் கெடுபிடி என்று தோன்றலாம். தோன்றினால் 2012 ஜூலை 25-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். தாம்பரம் அருகே ஓடிக்கொண்டிருந்த ஸ்கூல் பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக, இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ரோட்டில் விழுந்து அதே பஸ்ஸின் சக்கரத்தில் இறந்துபோனாள். ஆத்திரப்பட்ட ஜனங்கள் பஸ்ஸைக் கொளுத்தினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த வருஷமே பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது.

அந்தத் தரை சேஸ் கம்பெனி செய்த பகுதி இல்லை, பாடியின் பகுதி. இன்ஜினுக்கு ஃபேக்டரியின் முத்திரை இருக்கும், சேஸில் நம்பர் குத்தியிருக்கும். மேலே பலகையும் தகரமும் எத்தனை தடவை பிரித்து ஒட்டுப் போடப்பட்டது என்பதற்கு எங்கேயும் கணக்கு இருக்காது. மழைக்காலத்தில் ஈரச் செருப்போடு ஏறும் நாற்பது ஐம்பது பிள்ளைகளின் கால் பட்டு வருஷக்கணக்கில் ஊறிய தரை அது. அதன் மேல் புது பிளைவுட் அடித்துக் கட்டிலும் போட்டுவிட்டால், அடியில் இருக்கும் துரு யார் கண்ணுக்கும் தெரியாது. அமெரிக்காவில் பாதி வேலையை வாங்குகிறவர்கள் முதலில் பயப்படுவதும் இதற்குத்தான். முன்னவர் அழகாக முடித்த தரையையே பெயர்த்துப் பார்த்துவிட்டு மறுபடி போடுகிறவர்கள் உண்டு. அவர் அடித்த ஆணி கணக்கில் லாபம், அதைப் பிடுங்குகிற கூலி நஷ்டம். கூட்டிக் கழித்தால் பாதி முடிந்த பஸ் பல நேரம் வெறும் பஸ்ஸை விட விலை அதிகமாகிவிடும். அப்படி ஒரு பஸ்ஸில் தண்ணீர் டேங்க், கேஸ் சிலிண்டர் எல்லாம் ஏற்றிக்கொண்டு காரவள்ளியில் இருந்து 70 வளைவு ஏறுவதைக் கற்பனை செய்து பாருங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் டேங்கில் இருக்கும் தண்ணீர் ஒரு பக்கம் சாயும்.

பட்டறைக்காரர்களின் நிலைமையும் மாறி வருகிறது. 2006-ல் டாடாவும் பிரேசிலின் மார்கோபோலோவும் சேர்ந்து முழு பஸ்ஸாகவே செய்து விற்க வந்தார்கள். மற்ற கம்பெனிகளும் அந்தப் பக்கம் போயின. தனியார் பட்டறைகளும் இப்போது பஸ் பாடி விதிப்படி அங்கீகாரம் பெற்றே கட்ட வேண்டும். கரூரின் பெரிய பட்டறைகள் சமாளித்துவிட்டன. கண் அளவிலேயே ஆங்கிளை வளைத்துப் பழகிய சின்னப் பட்டறைகளுக்குத்தான் கஷ்டம்.

கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் இதற்கெல்லாம் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. 2020 நவம்பரில், ஓடி முடித்த பஸ்களில் அடுக்குப் படுக்கை அடித்து மூணாறு டிப்போவில் நிறுத்தியது. ஓடாத பஸ்தானே, செக்போஸ்ட் தொல்லை இல்லை. ஒரு இரவுக்கு, ஒரு படுக்கைக்கு அப்போது 100 ரூபாய்.