இரணைமடுவும் காய்ச்சலின் கணக்கும்

கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை 1902ஆம் ஆண்டில் தொடங்கி 1921ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. நீர் கிடைத்தது, நிலமும் பரந்து கிடந்தது. ஆயினும் யாழ்ப்பாணத்துக் கமக்காரன் அங்குக் குடியேறத் தயங்கினான். அவனை அச்சுறுத்தியவை காடும் யானையும் மட்டுமல்ல, மலேரியாக் காய்ச்சலுந்தான். 1930ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சிக் குடியேற்றம் உருவானபோதும் அவ்வச்சம் அகலவில்லை.

இக்காய்ச்சல் ஒரு குடும்பத்திடம் பறிப்பது யாது? வடகீழ்ப் பருவமழைக்குப்பின் மார்கழி, தை மாதங்களில் நுளம்பு பெருகும். காலபோகப் பயிருக்குக் களை பிடுங்கவும் காவல் இருக்கவும் ஆள் வேண்டிய காலமும் அதுவே. அரசினர் மருந்தை இலவசமாகவே கொடுத்தனர். ஆனால், மருந்தகம் பல கட்டைக்கு அப்பால் இருந்தால், நோயாளி ஒருவரோடு துணைக்குப் போகும் ஒருவரின் நாளும் கழியும். மருந்து இலவசம், மருந்தை அடையும் வழி இலவசமன்று. தூர இடங்களில் நோயின் பொருளாதாரம் இவ்வழியிலேதான் தங்கியிருக்கின்றது.

1934-35ஆம் ஆண்டுகளில் தென்மேற்கு இலங்கையில் மழை பொய்த்து, ஆறுகள் குட்டைகளாயின. அங்கெழுந்த கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அப்போது கொயினா மருந்தையும் உணவையும் தொண்டர்கள் ஊர்களுக்கே எடுத்துச் சென்றனர். நோயாளி மருந்தைத் தேடிச் செல்வதினும் மருந்து நோயாளியைத் தேடிச் செல்வதே சிக்கனம் என்பதை அப்பேரிடர் உணர்த்தியது.

பின்னர் வீடுகளின் உட்சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. 1946இல் ஏறத்தாழ 28 இலட்சமாக இருந்த நோயாளர் தொகை 1963இல் 17ஆகக் குறைந்தது. பதினேழு பேருக்காகப் பெருஞ்செலவு எதற்கு என்று எண்ணத் தோன்றுவது இயல்பே. மருந்து தெளித்தல் நின்றது, விழிப்பும் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மிச்சம் பிடித்த பணம் வட்டியோடு வெளியேறிற்று.

1990ஆம் ஆண்டுகளில் அநுராதபுர மாவட்டத்து ஊறுலுவெவப் பகுதியில் ஒரு கிராமத்துக்குள்ளேயே சிகிச்சை நிலையம் அமைக்கப்பட்டது. தொலைவிலுள்ள வைத்தியசாலைகளை விட்டு மக்கள் அதனையே நாடினர். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, காட்டோரக் கொட்டில்களில் வாழ்ந்த வன்னி மக்களுக்கோ இத்தகைய அண்மைச் சிகிச்சையின் தேவை இன்னும் பெரிது. 2009இல் போர் முடிந்தபின், மலேரியாத் தடை இயக்கத்தோடு தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து, ஊர் ஊராக இரத்தப் பரிசோதனை செய்தும் மருந்தூட்டிய நுளம்பு வலைகளை வழங்கியும் உழைத்தன. நாட்டுக்குள்ளே தொற்றிய இறுதி நோயாளர் 2012ஆம் ஆண்டு ஒக்ரோபரில் காணப்பட்டார். 2016 செப்ரெம்பரில், இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார ஸ்தாபனம் சான்று வழங்கியது.

ஆயினும் கணக்கு முடிந்துவிடவில்லை. நோய் ஒழிந்தது, நுளம்பு ஒழியவில்லை. வெளிநாடு சென்று திரும்புவோரின் உடலில் நோய்க்கிருமி வந்துகொண்டுதான் இருக்கின்றது. கிணற்றிலும் தொட்டியிலும் பெருகக்கூடிய புதிய வகை நுளம்பொன்று மன்னாரில் கண்டறியப்பட்டதாக 2017இல் அறிவிக்கப்பட்டது. நோயாளர் குறையக் குறைய, ஒருவரைக் கண்டுபிடிக்கும் செலவு கூடியே தோன்றும். ஆனால், வெள்ளம் வராத ஆண்டிலும் இரணைமடுக் குளக்கட்டைப் பேணாமல் விடுவார் உண்டோ? காவற்செலவை வீண்செலவென்று எண்ணியதன் விலையை 1969ஆம் ஆண்டு காட்டிவிட்டது.