எச்சம்மாள் சுமந்த சோறும் இன்னர் வீல் மினிட்ஸ் நோட்டும்

திருவண்ணாமலைக் கோயிலின் பேகோபுரத்துக்குப் பின்னால் தொடங்கும் பாதையில் விருபாட்ச குகைக்கு ஏறிப் போனவர்களுக்குத் தெரியும். கையில் ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும் இருந்தாலே பாதி வழியில் மூச்சு வாங்கும். சித்திரை வெயிலில் கல் பாதத்தைப் பொசுக்கும். நூறு வருஷத்துக்கு முன் இந்த மலையில் ஒரு பெண், சமைத்த உணவைச் சுமந்துகொண்டு தினமும் ஏறினார். ஊர் அவரை எச்சம்மாள் என்று அழைத்தது. இயற்பெயர் லட்சுமி அம்மாள், போளூர்ப் பக்கத்து மண்டகொளத்தூர்க்காரர். இருபத்தைந்து வயது முடிவதற்குள் கணவர், மகன், மகள் மூவரையும் பறிகொடுத்தவர். 1907 வாக்கில் திருவண்ணாமலைக்கு வந்து, குகையில் இருந்த ரமணரைப் பார்த்தார். பார்த்தபின் இந்த ஊரிலேயே தங்கிவிட்டார். ரமணர் சாப்பிட்ட பிறகுதான் தனக்குச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டார். 1922க்குப் பிறகு ரமணர் மலையடிவாரத்தில் தங்கியபோது சோறும் அங்கே போயிற்று. 1945 டிசம்பரில் எச்சம்மாள் இறக்கும்வரை இது நடந்தது. கிட்டத்தட்ட 38 ஆண்டுகள்.

அவர் மலை ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 27 பெண்கள் ஒரு துருக்கிக் குளியல் விடுதியின் அறையில் கூடினார்கள். 1923 நவம்பர் மாதம் அது. கூட்டியவர் மார்கரெட் கோல்டிங். நர்ஸாக வேலை பார்த்தவர், பிறகு சொந்தத் தொழில் நடத்தியவர். வந்திருந்தவர்கள் ரோட்டரி சங்கத்துக்காரர்களின் வீட்டுப் பெண்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் கணவன்மாரோடு சேர்ந்து நிவாரண வேலை செய்து பழகியிருந்தார்கள். போர் முடிந்ததும் அந்த வேலையை விட்டுவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. 1924 ஜனவரி 10 அன்று சங்கத்துக்கு இன்னர் வீல் என்று பெயர் வைத்தார்கள். ரோட்டரியின் சக்கரத்துக்குள் இன்னொரு சிறு சக்கரம், அதுதான் சின்னம். இந்தியாவின் முதல் இன்னர் வீல் 1955இல் அகமதாபாத்தில் தொடங்கியது. இன்று இன்னர் வீல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ரோட்டரி வேரூன்றிய ஊர்களில் இன்னர் வீலும் தெரிந்த பெயர்தான். ஜூலை வந்தால் புதிய தலைவியின் பதவியேற்புப் படம் உள்ளூர்ப் பக்கத்தில் வரும்.

இந்த இரண்டையும் ஏன் பக்கத்தில் வைக்க வேண்டும்? ஒன்று பக்தி, இன்னொன்று சமூக சேவை, இதில் ஒப்பிட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இரண்டுமே ஒரு மூடிய கதவின் முன்னால் தொடங்கியவை என்பதுதான் என் பதில். அந்தக் காலத்து விதவைக்கு நல்ல காரியங்களில் இடமில்லை. கல்யாணப் பந்தலில் பின்வரிசைகூடக் கிடையாது. எச்சம்மாளின் அடுப்பங்கரை மட்டும் அவர் கையில் இருந்தது, அதைக்கொண்டு தனக்கென்று ஒரு வழி போட்டுக்கொண்டார். அங்கே மான்செஸ்டரில் படித்த, வசதியுள்ள பெண்கள். ஆனால் ரோட்டரியின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 1989இல் ரோட்டரி தன் விதியைத் திருத்திய பிறகுதான் உலகம் முழுவதும் பெண்கள் அதில் உறுப்பினராக முடிந்தது. அதுவரை காத்திருக்காமல் 65 வருஷத்துக்கு முன்பே தங்களுக்கென்று ஒரு மேஜை போட்டுக்கொண்டவர்கள் இந்தப் பெண்கள். கணவர் ரோட்டரியில் இருந்தால்தான் மனைவிக்கு இடம் என்று நெடுநாள் இருந்த பிடியும் 2012இல் தளர்ந்தது. இன்று அழைப்பின் பேரில் மற்றப் பெண்களும் சேரலாம்.

தொடக்கம் ஒன்றுபோல இருந்தாலும் நடைமுறையில் இரண்டும் தூர விலகிப் போகின்றன.

எச்சம்மாளிடம் கணக்கு நோட்டு இருந்ததாகத் தெரியவில்லை. பிறந்த வீட்டிலிருந்து வந்த ஆதரவும் தன் உழைப்பும்தான் முதலீடு. மலைக்குப் போனது போக, அவருடைய வீடு ரமணரைப் பார்க்க வந்தவர்களுக்குச் சாப்பாட்டு வீடாகவும் இருந்தது. அதே ஊரில் வாழ்ந்த மகான் சேஷாத்திரி சுவாமிகளும் அங்கே வந்து போவார். வளர்ப்புமகள் செல்லம்மாளும் இறந்துபோன துக்கத்துக்குப் பிறகும் அடுப்பு எரிந்தது. அவர் தனியாள் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மலைக் கீரையைப் பறித்துச் சமைத்துக் கொண்டுவந்த கீரைப் பாட்டி இருந்தார். காரைக்காலிலிருந்து வந்து கடைசிவரை உணவு கொண்டுவந்த முதலியார் பாட்டி இருந்தார். ஒரு சங்கத்துக்கு வேண்டிய ஆட்கள் அங்கே இருந்தார்கள். ஆனால் அவர்கள் சங்கம் வைக்கவில்லை, தலைவி என்று யாருமில்லை. ஒவ்வொருத்திக்கும் தனித்தனி அடுப்பு.

இன்னர் வீலில் எல்லாமே எழுத்தில் இருக்கும். தலைவி, செயலாளர், பொருளாளர், பன்னாட்டுச் சேவைக்கு ஒருவர், இதழ் ஆசிரியர். மாதக் கூட்டம், சந்தா, மினிட்ஸ் நோட்டு. வருஷத்துக்கு ஒருமுறை டிஸ்ட்ரிக்ட் சேர்மன் வருகை. பதவி பெண்ணுக்குத்தான், பெயர் மட்டும் இன்னும் சேர்மன். ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஒரு தலைவி, பிறகு கழுத்துப் பட்டை அடுத்தவருக்கு மாறும். இந்த ஒழுங்கைக் குறைத்துப் பேச நான் தயாராக இல்லை. மேடையில் பேசியே பழகாத ஒரு பெண், பொருளாளராகி நாற்பது பேர் முன்னால் வரவு செலவு வாசிப்பதை நான் பார்த்திருக்கிறேன். முதல் மாதம் கை நடுங்கியது, தாளின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் வாசித்தார். மார்ச் மாதத்தில் அவரே குறுக்குக் கேள்விக்குப் பதில் சொன்னார். பள்ளியில் பாடம் எடுத்து, வீட்டில் மாமியாருக்கு மருந்து கொடுத்து, பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பிவிட்டு வரும் பெண்ணால் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை கொடுக்க முடியும். முப்பத்தெட்டு வருஷத்தைக் கொடு என்று யாரும் யாரையும் கேட்க முடியாது. எச்சம்மாளின் வழி எச்சம்மாளுக்கு மட்டுமே ஆனது. சங்கத்தின் வழி சாதாரணப் பெண்ணுக்கும் ஆகும். கோல்டிங் 1939இல் இறந்தார், அவர் போட்ட மேஜை இன்றும் இருக்கிறது.

ஆனால் அந்த ஜூன் 30இல்தான் எனக்குக் குறை தெரிகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் சங்கங்கள் கையில் எடுத்த வேலைகளில் மிக உருப்படியானது என்று இதைத்தான் சொல்வேன். 9 முதல் 14 வயதுவரை உள்ள சிறுமிகளுக்கு இரண்டு தவணையாகப் போடும் முறையில், இரண்டாவது ஊசிக்குக் குறைந்தது ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். மார்ச்சில் முதல் தவணை போட்டால் அடுத்தது செப்டம்பரில். அதற்குள் தலைவி மாறியிருப்பார், செயலாளர் மாறியிருப்பார், புதியவர்களுக்குப் புதிய திட்டம் பிடித்திருக்கும். எட்டாம் வகுப்பில் முதல் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளை ஒன்பதாவதுக்கு வேறு பள்ளிக்கூடம் போயிருப்பாள். பட்டியல் பழைய செயலாளரின் பீரோவில் இருக்கும். யாரும் தவறு செய்யவில்லை, ஆனாலும் ஊசி பாதியில் நிற்கும்.

தையல் இயந்திரமும் அப்படித்தான். ஒரு நிகழ்ச்சியில் இயந்திரம் வாங்கிய பெண்ணின் வீட்டுக்கு இரண்டு வருஷம் கழித்து வேறு வேலையாகப் போனேன். இயந்திரம் கட்டிலுக்குப் பக்கத்தில், பழைய வேட்டி போர்த்தி நின்றது. மேலே சாமி படமும் ரேஷன் பையும். "பெல்ட் அறுந்துபோச்சுங்க, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல" என்றார். பெல்ட்டின் விலை இயந்திரத்தின் விலையில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. கொடுத்தவர்கள் நல்லவர்கள், மனமாரக் கொடுத்தவர்கள். கொடுத்த பிறகு அந்த வாசலுக்குத் திரும்பிப் போக அவர்களுடைய ஒழுங்கில் ஒரு நாள் ஒதுக்கியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

"யார்கிட்ட சொல்றது" என்ற அந்தச் சொல் எனக்கு ரமணாசிரமத்துக் கதை ஒன்றை நினைவுபடுத்தியது. அடியார்களின் நினைவுக் குறிப்புகளில் அது வரும். ஆசிரமம் வளர்ந்து சொந்தச் சமையற்கட்டு வந்த பிறகு, வெளியிலிருந்து பெண்கள் உணவு கொண்டுவருவதை நிறுத்திவிடலாம் என்று நிர்வாகத்தில் நினைத்தார்கள். நிர்வாகக் கண்ணோட்டத்தில் அது நியாயமும்கூட. இத்தனை பேருக்கு இங்கேயே சமைக்கும்போது தனியாக ஒருவர் எதற்கு? எச்சம்மாள் மனம் உடைந்து திரும்பிப் போனார். சாப்பாட்டு மணி அடித்தது. ரமணர் எழுந்து வரவில்லை. காரணம் புரிந்து அந்த அம்மாளை அழைத்துவந்த பிறகுதான் அவர் இலைக்கு வந்தார் என்பது கதை.

இதைக் குருவின் கருணை என்று பக்தர்கள் வாசிப்பார்கள். நான் இதில் வேறொன்றையும் வாசிக்கிறேன். வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு அங்கே ஒரு சொல் இருந்தது. இன்னார் கொண்டுவந்தால்தான் சாப்பிடுவேன் என்று அவரால் உட்கார முடிந்தது. நாள்தோறும் வந்து போனதால் உண்டான உரிமை அது. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் முகம் தெரியும், பசி தெரியும், எந்தக் குழம்பு ஒத்துக்கொள்ளும் என்று தெரியும். சங்கத்தின் ஆண்டறிக்கையில் அவர்கள் "பயனாளிகள் 50" ஆகிவிடுகிறார்கள். பேனருக்கு முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வதோடு அவர்களுடைய பங்கு முடிந்துவிடுகிறது. எனக்கு இயந்திரம் வேண்டாம், பெல்ட் மாற்ற ஆள் வேண்டும் என்று சொல்ல அந்த மேடையில் மைக் கிடையாது.

ஆனாலும் சங்கத்துக்கு எதிராக எச்சம்மாளை நிறுத்துவது என் நோக்கமில்லை. பத்துத் திட்டத்துக்குப் பதில் இரண்டு எடுங்கள், ஐந்து தலைவிகளுக்கு அது தொடரட்டும், கொடுத்த வீட்டுக்கு ஆறு மாதத்தில் ஒருமுறை போய்க் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். மினிட்ஸ் நோட்டு இதற்குத் தடையே இல்லை. ஞாபகம் வைத்துக்கொள்ள அதைவிட நல்ல கருவி வேறில்லை, எச்சம்மாளிடம் அது இருந்திருந்தால் அவருக்குப் பின் அந்த அடுப்பை யாராவது தொடர்ந்திருக்கவும் கூடும்.

போன பங்குனியில் பௌர்ணமி இரவு. கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரிலும் அன்று சோற்றுக்கும் மோருக்கும் குறைவிருக்காது. நிருதி லிங்கம் தாண்டி ஒரு மரத்தடியில், ஒரே நிறப் புடவை கட்டிய ஏழெட்டுப் பெண்கள் தொன்னையில் சாம்பார் சாதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்டாவைச் சுற்றி ஈரத் துணி, வரிசையில் முட்டி மோதும் கைகள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டிக்கு அவர்களில் ஒருவர் குனிந்து தொன்னையை நீட்டினார். பாட்டி வாங்கவில்லை. பக்கத்தில் ஏற்கெனவே நான்கு தொன்னைகள் இருந்தன, ஒன்றில் எறும்பு.

"இன்னிக்கு எல்லாரும் குடுக்கறாங்கம்மா. நாளைக்குத்தான் ஒண்ணும் இருக்காது. காலையில எல்லாம் கெளம்பிப் போயிடுவாங்க" என்றார் பாட்டி.

அந்தப் பெண் ஒரு கணம் நின்றார். தொன்னையைப் பின்னால் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார்.

"நாளைக்கு இந்தப் பக்கம் எத்தனை பேரு இருப்பீங்க பாட்டி?"

பாட்டி விரலை மடக்க ஆரம்பித்தார். எண்ணிக்கை சொல்லவில்லை. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பெயராகச் சொல்லிக்கொண்டு போனார். அந்தப் பெண் மரத்தடி வெளிச்சத்தில் நோட்டைச் சாய்த்துப் பிடித்து எழுதிக்கொண்டிருந்தார்.